வளையலின் பச்சை

சுகன்யா தன் மேசைக்குத் திரும்பி வந்த சேலையை மறுபடி விரித்தாள். வெங்காயத்தோல் நிறப் பட்டு. உடல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சின்னப் பூ புட்டாக்கள். ஒரு பூவில் பச்சை இழை விட்டுப்போயிருந்தது. நெய்து வரும் சேலைகளில் பழுது இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டியவள் அவள்தான். வளைகாப்பு முடிந்த பத்து நாளில் இப்படித் திரும்பி வருவது இது மூன்றாவது.

"ஏழாம் மாசம்மா, தலை ஒரு எடத்துல நிக்காது. நாளையிலருந்து வூட்ல இரு. சூர்யகலா பாத்துக்கும்" என்றார் மேற்பார்வையாளர் மாணிக்கவேல்.

"தலை நல்லாத்தாங்க கீது. வளையல்தான் பேஜார் பண்ணுது."

பக்கத்து மேசை சூர்யகலா சிரித்தாள். "சேலைய வுட்டுட்டு வளையல பாத்துகினு இருந்தியாக்கா?"

எப்படிச் சொல்வது? கை நகரும்போது வளையலின் பச்சையும் பூக்களின் பச்சையும் ஒரே வரிசையாகச் சேர்ந்துகொள்கின்றன. கண் அந்த வரிசையோடு ஓடி மணிக்கட்டில் போய் நின்றுவிடுகிறது. நடுவே ஒரு பூவில் பச்சை இல்லையென்றால், வளையல் அதை நிரப்பிவிடுகிறது. காலையில் நீலச் சேலையில் மஞ்சள் பூ ஒன்று கோணியிருந்ததைப் பார்த்தவுடன் பிடித்தாளே, அப்போது தலை எங்கே நின்றதாம்?

பிரசவம் வரை வளையலைக் கழற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று உடைந்தபோது, வயிற்றுக்குள் அசைவு தெரியும்வரை அவள் எழுந்திருக்கவேயில்லை. நாற்காலியை விட்டாலும் திரும்பக் கிடைக்காது. போன வருஷம் இங்கிருந்து பிரசவத்துக்குப் போன லாவண்யா, இந்த வேலை போய், இப்போது விடியற்காலையில் செய்யார் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

சுகன்யா சேலை மூட்டை கட்டும் வெள்ளைத் துணியைக் கிழித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு கைகளிலும் இறுக்கிச் சுற்றினாள். வளையல்கள் வாயடைத்துப்போயின.

"இன்னாக்கா, ஆக்சிடெண்ட்டா?"

அவள் சூர்யகலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சார், நீங்களே பாத்து ஓகே பண்ணதுல ஒண்ணு குடுங்க. இதே செவப்பு, பச்சையில."

மாணிக்கவேல் முகம் கடுத்தது. இருந்தும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். "ஜல்தியா பாரு."

அவள் அவசரப்படவில்லை. பூக்கள் வரிசையாக அல்ல, ஒவ்வொன்றாக வந்தன. முந்தானைக்கு ஒரு முழம் முன்னால் விரல் நின்றது.

"இங்க."

மாணிக்கவேல் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "இன்னா கீது இங்க? ஒண்ணும் தெரில."

அவள் விரலை எடுக்கவில்லை. சூர்யகலாவும் எழுந்து வந்து எதிர்ப்புறத்திலிருந்து குனிந்தாள். மின்விசிறிக் காற்றில் சேலை மேசையை விட்டு மெல்ல எழும்பியது. ஒரு பச்சை இழை விட்டுப்போன அந்த ஒரு பூ மட்டும் விரலுக்கடியில் அசையாமல் இருந்தது.