மதகுக்கு வெளியே உப்பு

தியெம் சொன்னாள் என்று மதகை மூடிவிட்டார்கள். அதுவும் புத்தாண்டு நெருங்கி, செவ்வந்திச் செடிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு படகுகள் சந்தைக்குக் கிளம்பும் நேரத்தில். கேட்க வேண்டுமா, வாய்க்கால் முழுக்க வசவு. அவள் அண்ணன் லுவானின் படகுதான் வரிசையில் முதலில் நின்றது.

தியெம், கான் தோ நகரத்தில் பேராசிரியை. ஆற்றின் மேலே உள்ள அணைகள் எவ்வளவு நீர் விடும், பௌர்ணமி கடலை எவ்வளவு ஏற்றும், கொண்டல் காற்று எவ்வளவு தள்ளும் என்று எல்லாவற்றையும் கணினியில் பிணைத்து ஆற்றைக் கணிப்பவள். கடல் உப்பு இன்று காலை மதகை எட்டும் என்றது அவள் கணக்கு. வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்பே! வாய்க்காலுக்குள் புகுந்தால் டுரியான் பழத் தோப்புகள் அத்தனையும் கருகும். கணக்கு தப்பினாலோ, அவள் பேச்சை இனி ஊரில் நாய்கூட மதிக்காது.

லுவான் மதகைத் தாண்டிப் போய், ஆற்று நீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். தண்ணீர் உப்பா என்று அறிய அந்த ஊரில் எல்லோருக்கும் அதுதான் சோதனை.

"தேனா இனிக்குது. உன் கம்ப்யூட்டருக்கு நாக்கு இருக்காடி?"

"படிச்சவ அண்ணன் பொழப்புலயே மண்ணப் போட்டுட்டா!" என்றான் பின்னால் நின்ற படகுக்காரன் தாங். கரையே சிரித்தது.

தியெம் தக்கை போட்ட ஒரு பாட்டிலில் கல்லையும் கயிற்றையும் கட்டினாள். குரல் பிசகவில்லை.

"மேலாகத்தான அள்ளுன, அண்ணே? உப்புத் தண்ணி கனம். அடியிலதான் ஊர்ந்து வரும்."

கல் கட்டிய பாட்டிலை ஆற்றின் அடிவரை இறக்கி, கயிற்றைச் சுண்டித் தக்கையைக் கழற்றினாள். நிரம்பியதும் இழுத்து, அண்ணனிடம் நீட்டினாள்.

ஒரே மடக்கு. தூவென்று துப்பினான். "மீன்சாறே தோத்துச்சு போ, அவ்ளோ உப்பு!"

"நடிக்காதய்யா" என்று பிடுங்கிக் குடித்தான் தாங். அவனும் துப்பினான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

லுவான் படகுக்குப் போய் ஒரு கூடையைத் தோளில் ஏற்றினான். மண்ணோடு கூடிய கனம். கரையேறி, மதகுக்கு வெளியே வேறு படகு பிடித்து, அதில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்; இடுப்பு ஒடிந்துவிடும்.

"என்னடா வேடிக்க? சுமங்க! என் தங்கச்சி மூடச் சொன்ன மதகு இது. எவனாச்சும் கைய வச்சா எங்கிட்ட பேசணும்!"

தியெம் எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கியவள்தான். ஆனால் இப்படி நெஞ்சு நிமிர்ந்தது இன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் ஒரு கூடையைத் தூக்கப் போனாள்.

"நீ வை அத" என்று அதட்டினான் லுவான். "எப்பத் தொறக்கலாம்னு போய்க் கணக்குப் பாரு. நீ சொல்ற வரைக்கும் நாங்க சுமக்குறோம்."