சுவரில் சுற்றிய கார் ஃபேன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு காரின் கதை சொல்கிறேன். அதற்குள்ளேயே ஒரு புருஷன் பெண்டாட்டி கதையும் இருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பு வரும். வந்தால் அடக்க வேண்டாம்.

பெயிண்டர் அன்றைக்குக் காலையிலிருந்து அந்தக் காருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல கருநீலம். பட்டறையின் பின்பக்கம் தகரத்தால் அடைத்த ஓர் அறை, அதுதான் பெயிண்ட் ரூம். வாயையும் மூக்கையும் சுற்றி ஈரத்துண்டு கட்டியிருந்தார். வலது கையில் ஸ்ப்ரே கன். அதன் குழாய் காரின்மேல் உரசிவிடாமல் இடது கையில் தூக்கிப் பிடித்திருந்தார். கதவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கை ஒரே சீராகப் போய்த் திரும்பியது. திரும்பத் திரும்ப அறைக்குள் நீலப் புகை கூடிக்கொண்டே வந்தது. முதலில் எதிர்ச்சுவர் மறைந்தது, பிறகு காரின் பின்பாதி. அதற்குமேல் கண்ணுக்கு வேலையில்லை, கைப்பழக்கத்தில்தான் அடித்தார்.

புகையை வெளியே இழுக்க அந்தச் சுவரில் முன்பு ஒரு ஃபேன் இருந்தது. அதன் மோட்டார் கருகிப்போய்க் கழற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த வட்ட ஓட்டை வழியாக மழைச்சாரல் வண்டிகள்மேல் தெறிக்கிறதென்று முதலாளி அதில் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்.

கார் லேசுப்பட்ட கார் இல்லை. புதிதாக இருந்த காலத்தில் அதில் போனவர்கள் கண்ணாடியை இறக்கி யாரிடமும் வழி கேட்டிருக்க மாட்டார்கள். பல கை மாறி, கடைசியில் யாரோ ஒருவரின் கொட்டகையில் எலிகள் குடித்தனம் நடத்தக் கிடந்ததை இப்போதைய கார்க்காரர் வாங்கி வந்தார். வாரம் பூராவும் அவருக்கு ஆபீஸ். சனி ஞாயிறு வந்தால் மனைவியை உட்காரவைத்து மலைப்பக்கம், கடல்பக்கம் என்று சுற்ற வேண்டுமென்று ஆசை. அவரைப் போலவே பழைய பெரிய கார் வைத்திருக்கிற சிநேகிதர்கள் ஒரு கூட்டம் உண்டு. வருகிற சனிக்கிழமை எல்லோரும் வரிசையாகக் கிளம்புவதாக ஏற்பாடு.

காரின் சீட்டுகள் பெயிண்டரின் மனைவியிடம் இருந்தன. அதே பட்டறையின் ஒரு மூலையில் அவளுடைய தையல் மிஷின். கிழிந்த தோலை உரித்துவிட்டுப் பஞ்சு மாற்றி, புதுத் தோலை இழுத்துத் தைப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் சீட்டக்கா.

மத்தியானம் பெயிண்டர் குழாயடியில் குனிந்து இருமினார். இருமல் நிற்காததைக் கேட்டுச் சீட்டக்கா மிஷினை விட்டு எழுந்து போனாள். தொட்டியில் விழுந்த சளி நீலமாக இருந்தது. போன வண்டிக்குச் சிவப்பு. அதற்கு முந்தின வண்டிக்கு வெள்ளை.

"கலர் நல்லா வந்திருக்கு போல" என்றாள்.

"நக்கலா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவருக்கென்ன, புகையில நிக்காதேன்னுட்டு ஏசியில உக்காந்திருக்காரு."

"புகை போக வழி இல்லாத ரூம்ல இனிமே நின்னீங்கன்னா, அப்புறம் படுத்துக்கிட்டுத்தான் எங்கிட்ட வருவீங்கன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

"இன்னும் கிளியர் ஒண்ணுதான்டி பாக்கி."

கிளியர் என்பது நிறத்துக்கு மேலே அடிக்கிற பளபளப்பு. நிறத்தைவிட அதுதான் நெஞ்சைப் பிடிக்கும். சீட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கத்தில் முதலாளி உட்காரும் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"மொதலாளி, அந்த ஃபேன்."

"அதான் அடுத்த மாசம்னு சொன்னேன்லம்மா."

"போன மாசமும் அதைத்தான் சொன்னீங்க."

"பாத்தியா, நான் பேச்சு மாறாதவன்." யாராவது சிரிப்பார்களென்று முதலாளி சுற்றிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"ஃபேன் போட்டாத்தான் அவரு கிளியர் அடிப்பாரு."

"அவர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "இந்த வண்டி சனிக்கிழமை போயாகணும்மா. உன் வீட்டுக்காரர் அடிக்கலைன்னா வெளியிலேர்ந்து ஒருத்தனைக் கூட்டியாந்து அடிப்பேன்."

"கூட்டிட்டு வாங்க. அவன் பொண்டாட்டி வீடு எங்கேன்னு மட்டும் கேட்டு வைங்க. இந்த ரூமைப் பத்திப் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

முதலாளி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உண்மையிலேயே ஆள் தேடப் போய்விட்டார். பெயிண்டருக்குக் கோபம். மனைவி தன்னைக் கேட்காமல் பேசிவிட்டதில் பாதி, கையெழுத்து மாதிரி போட்டு வைத்த நீலத்தின்மேல் வேறொருவன் கிளியர் அடிக்கப்போவதில் பாதி. அவர் ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டக்கா நேரே கரண்டின் மேசைக்குப் போனாள். கரண்டு என்பது வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவனின் பட்டப்பெயர். பெயிண்ட் அடிப்பதற்காகக் காரின் முன்பக்கத்தை அவிழ்த்திருந்ததால் ரேடியேட்டரும் அதன் ஃபேனும் அவன் மேசைமேல் கிடந்தன. ஃபேன், நாலு பேர் சாப்பிடுகிற தட்டு அளவுக்கு இருந்தது.

"இது என்னடா இத்தனை பெருசா?"

"எஞ்சினுக்கு விசிறிக்கா. வண்டி நிக்கறப்ப சூடேறினா இதுதான் காத்து இழுத்து ஆத்தும்."

"மூச்சு முட்டாம பாத்துக்குது."

"அப்படியே வெச்சுக்கங்க."

"எவ்வளவு காத்து இழுக்கும்?"

"கிட்ட நின்னீங்கன்னா தலைமுடியைக் கையில பிடிச்சுக்கணும்."

சீட்டக்கா பெயிண்ட் ரூம் பக்கம் பார்த்தாள். கரண்டும் பார்த்தான்.

"ஐயோ அக்கா, வேணாம்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லலை. உங்க மூஞ்சி சொல்லுது."

"பொறி பறக்குமாடா? உள்ளே தின்னர் வாடை, தீப்பிடிச்சிரும்."

"பறக்காது. உசந்த வண்டிக்கா, மோட்டாருக்குள்ள உரசுற சாமானே கிடையாது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வேண்டாமென்றவன் வழியும் சொல்லிவிட்டான்.

சாக்கை உருவினார்கள். ஓட்டைக்கு நடுவில் ஃபேனை நிறுத்தி, கம்பியால் இறுக்கிக் கட்டி, சுற்றியிருந்த இடைவெளியை எல்லாம் தகரத்துண்டு வைத்து அடைத்தார்கள். கரண்டு, ஃபேனின் ஒயர்களை இழுத்து, அறைக்கு வெளியே வைத்த பேட்டரியில் சேர்த்தான். "எல்லாரும் பாருங்கப்பா" என்று ஃபேனுக்கு எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டான். சுவிட்சைப் போட்டார்கள்.

அவசரத்தில் ஃபேனை முன்பின்னாக மாட்டியிருந்தான். வெளிக்காற்று முழுதும் உள்ளே பாய்ந்தது. பெயிண்டுக்கு முன்னால் பூசும் பட்டியைத் தேய்த்து மூலைகளில் குவிந்திருந்த வெள்ளைத்தூள் ஒரே மூச்சில் எழும்பிக் கரண்டின்மேல் அப்பியது. மீசை வெள்ளை, புருவம் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்ன தாத்தா, எப்ப ஊர்லேர்ந்து வந்தீங்க?" என்றார் பெயிண்டர். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

காரின்மேல் படிந்த தூளைத் துடைத்து, அறையை ஒட்டக் கழுவி, ஈரம் காயவிட்டு, ஃபேனைத் திருப்பி மாட்டினார்கள். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னை எடுத்தார். கிளியர் விசிறியடித்துப் பறந்த புகை அறையில் தங்கவில்லை. ஆள் கூப்பிட்டதுபோல் ஓட்டையைப் பார்த்துப் போயிற்று. பாதி கார் முடிந்ததும் அவர் கையை நிறுத்திவிட்டுக் கதவிடுக்கு வழியாகக் குரல் கொடுத்தார்.

"இந்தா, அந்தச் சுவரு தெரியுது."

"எந்தச் சுவரு?"

"எதிர்ச்சுவருடி. அடிக்கறப்ப நான் அதைப் பாத்ததே இல்ல. பல்லி ஒண்ணு இருக்கு."

சாயங்காலம் முதலாளி ஆள் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்தார். கண்ணாடி மாதிரி நின்ற காரைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை. "வழிக்கு வந்துட்டீங்களா? இதைத்தான் அப்பவே சொன்னேன்" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள். விளக்கு, கதவு, பம்பர், முன்சீட்டு எல்லாம் ஏறிவிட்டன. முதலாளி குனிந்து ரேடியேட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஃபேன் எங்கடா?"

கரண்டு, பெயிண்ட் ரூமைக் கைகாட்டினான்.

முதலாளி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது முகம் சிவந்திருந்தது. "கஸ்டமர் சாமானைக் கழட்டிச் சுவத்துல மாட்ட உங்களுக்கு எவன்டா அதிகாரம் கொடுத்தது? இப்பவே எடு!"

இன்னும் காரில் ஏற்றாத பின்சீட்டு தரையில் கிடந்தது. சீட்டக்கா போய் அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "சுவத்துக்கு ஒரு ஃபேன் வரட்டும், அது இறங்கும். இந்தச் சீட்டும் ஏறும்."

"எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கிருவேன்."

"தூக்குங்க. எல்லாரையும் தூக்கினா யாரு பூட்டுவா? கார்க்காரரு வர்ற நேரம், நீங்களே ஸ்பேனரை எடுங்க."

கரண்டு ஸ்பேனரை நீட்டினான். மரியாதையாகத்தான், இரண்டு கையாலும்.

அந்த நேரத்தில் கார்க்காரர் வந்துவிட்டார். காரைச் சுற்றிவந்து, நீலத்தில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துச் சிரித்தார். பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கரண்டு விஷயத்தைச் சொன்னான். "ஓடறப்ப ஒண்ணும் ஆகாது சார், எதிர்காத்தே போதும். நெரிசல்ல நின்னீங்கன்னா எஞ்சின் கொதிச்சிரும்."

சீட்டக்கா அவரைப் பெயிண்ட் ரூமுக்குக் கூட்டிப்போய் சுவிட்சைப் போட்டாள். அவருடைய மெல்லிய சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு படபடத்தது.

"என் பொருளை நீங்க எப்படிம்மா..."

"உங்க வண்டிக்குத்தான் சார் வேலை பாத்துச்சு. அந்தப் பளபளப்புல ஒரு தூசி இருந்தா காட்டுங்க. வீட்டம்மாவுக்குத் தூசி ஒத்துக்காதுன்னு உள்ளே காத்து வடிகட்டி புதுசா போடச் சொன்னீங்க. போட்டாச்சு. அவங்களுக்கு மூச்சு முட்டினா நீங்க கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்களா?"

கார்க்காரர் பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கழட்டச் சொன்னா கழட்டுறோம் சார்" என்றார், தலை நிமிராமலே. "ஆனா இங்க ஒண்ணு சுத்தாம இனிமே நான் இந்த ரூமுக்குள்ள கால் வைக்கமாட்டேன். அவ சொல்லி இல்ல. நானே சொல்றேன்."

சீட்டக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"இந்தச் சுவத்துக்கு ஃபேன் எப்ப வாங்குவீங்க?" என்று கார்க்காரர் முதலாளியைக் கேட்டார்.

"அடுத்த மாசம் சார்."

"எனக்கு நாளைக்கு வண்டி வேணும். என் வண்டிக்குப் புதுசா ஒண்ணு வரவழைங்க. அந்தப் பழசு மேல பெயிண்ட் ஒட்டிப்போச்சு, அது எனக்கு வேணாம். இங்கேயே கிடக்கட்டும்."

முதலாளி அங்கே நின்றபடியே போன் போட்டார். மறுநாள் பொழுது விடிந்ததும் ஓர் ஆள் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் புது ஃபேன். கரண்டு பூட்டினான். சீட்டக்கா பின்சீட்டை ஏற்றி, கையால் ஒருதரம் நீவிவிட்டாள். கார்க்காரர் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சிநேகிதர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ள நேரம் சரியாக இருந்தது.

அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு அவருடைய கூட்டத்திலிருந்து இன்னொருவர் பட்டறைக்கு வந்தார். முதலாளி அவரைப் பெயிண்ட் ரூமுக்கு அழைத்துப் போனார். "வெளிநாட்டு ஃபேன் சார். நானே யோசிச்சுப் போட்டது. வண்டி மேல ஒரு தூசி உக்காராது."

"உள்ள மனுஷனும் நிக்கறாரு சார்" என்றாள் சீட்டக்கா தன் மூலையிலிருந்து. மிஷினை அவள் நிறுத்தவில்லை. "அவருக்காக நாங்க மாட்டினது."

முதலாளி அதை ஒரு ஜோக்கு மாதிரி எடுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். வந்தவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கே வாசலுக்கு ஒரு புதுப் பலகை வந்தது. என்ன எழுத வேண்டுமென்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். பெயிண்டர் ஏணிமேல் ஏறி, தூரிகையை நீலத்தில் தோய்த்து எழுதத் தொடங்கினார்: 'வண்டிக்குத் தூசி படாத பெயிண்ட் அறை.' ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் தூரிகையைப் பலகையிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஏணியை மறுகையால் பற்றி இருமினார். இருமல் அடங்கி, கை ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அடுத்த எழுத்தைப் போட்டார்.

போய்த் தூங்குங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறக்கிற ஜன்னல்களாக இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் போன மாதிரியே திரும்பி வரட்டும். ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுச் சத்தம் கேட்டு உங்களில் ஒருத்தரும் எழுந்து உட்காராமல் இருக்கட்டும்.