டெஸ்ஸா சட்டம்

எங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைய இரண்டு வரிசைகள் உண்டு. இடுப்பில் துப்பாக்கியும் பர்ஸில் அதற்கான அனுமதி அட்டையும் வைத்திருப்பவர்கள் இடது பக்கம் அட்டையை நீட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடலாம். வெறுங்கையோடு வருகிறவர்கள்தான் வலது பக்கம் நின்று, பெல்ட்டைக் கழற்றி, பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். லோர்னா வாண்டிவியர் வலது வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்தபோது, மார்போடு அணைத்திருந்த போட்டோவைக் காவலர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி உள்ள வரக்கூடாதும்மா. உடைச்சா ஆயுதம்."

"அது என் பொண்ணு சார்."

"பொண்ணு போகலாம்மா. கண்ணாடிதான் போகாது."

கெட்டவர் இல்லை அவர். பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, கண்ணாடியை மட்டும் உருவி வைத்துக்கொண்டு, படத்தைச் சட்டத்தோடு திருப்பிக் கொடுத்தார். லோர்னாவுக்குப் பின்னால் நின்ற ரோண்டா சைப்ஸ் அந்த நேரம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோர்னாவின் மகள் டெஸ்ஸா செத்தது இந்த ரோண்டாவின் சமையலறையில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம். ஒட்டுகிற டேப் தேடி அடுப்புக்குப் பக்கத்து டிராயரைத் திறந்த ரோண்டாவின் ஆறு வயது மகன், பழைய பேட்டரிகளுக்கும் கெட்சப் பொட்டலங்களுக்கும் நடுவில் கிடந்த அம்மாவின் கைத்துப்பாக்கியை எடுத்தான். டெஸ்ஸாவுக்கு எட்டு வயது. கிரிமினல் வழக்குப் போட இந்த மாநிலத்தில் சட்டத்தில் இடமே இல்லை என்று மாவட்ட அரசு வக்கீல் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து லோர்னாவுக்கு வேறு வேலை இல்லை. யாருடைய துப்பாக்கியையும் அவள் பிடுங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவள்தான். அப்பாவின் ரைஃபிள் இன்னும் அவள் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. குழந்தைகள் புழங்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வை, வைக்காமல் ஒரு உயிர் போனால் நீ பதில் சொல், அவ்வளவுதான் அவள் கேட்டது. செனட்டர் கோல்கிளேசர் அதை மசோதாவாகக் கொண்டுவந்தார். மசோதா எண்ணைச் சொன்னால் இங்கே எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். செத்த பிள்ளையின் பெயரைச் சொன்னால்தான் காது கொடுப்பான். ஆகவே டெஸ்ஸா சட்டம். அந்தப் பெயரைப் பலகைகளில் ஊதா நிறத்தில் அச்சடித்து, மாவட்டம் மாவட்டமாகப் போய், வீட்டு முன் புல்வெளிகளில் நட்டவள் லோர்னா. மகள்தான் போய்விட்டாள், அவள் பெயராவது இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றட்டும் என்றுதான் அவள் காலையில் எழுந்திருப்பதே.

ரோண்டாவைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள், இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மளிகைக்கடை வாசலில் ஒரே ஒரு தடவை, "உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்டி" என்று லோர்னா கத்தியதோடு சரி. போன மாதம் அவளே போய் ரோண்டாவின் கதவைத் தட்டினாள்.

"நான் ஆயிரம் பேசினாலும் பெத்தவ அழறான்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. நீ சொல்லணும். டிராயர்ல கெடந்துச்சு, பூட்டியிருந்தா புள்ள பொழைச்சிருக்கும்னு உன் வாயால சொல்லணும்."

"என்னால முடியாதுடி. அத்தனை பேர் முன்னால..."

"முடியணும். வேற என்னத்த எனக்குத் தரப்போறே நீ?"

குழு விசாரணை நடக்கும் அறை நிரம்பி வழிந்தது. எதிர்த்துப் பேச வந்தவர்கள் ஒன்றும் கொம்பு முளைத்தவர்கள் இல்லை. "எங்க வீட்டுக்கு ஷெரிஃப் வந்து சேர அம்பது நிமிஷம் ஆகும்யா. அதுவரைக்கும் வாசல்ல நிக்கிறவனுக்குக் காப்பி போட்டுக் குடுக்கவா?" என்றார் ஒரு விவசாயி. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண் ஒருத்தி எழுந்து கையை நீட்டிக் காட்டினாள். "எம் பழைய புருஷன் கதவ ஒடச்சிக்கிட்டு வந்தப்ப இந்தக் கை நடுங்குச்சுங்க. இந்தக் கையால பூட்டு நம்பரத் திருகிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? ஆயுதம் வச்சுக்கிற உரிமை எனக்கு அரசியல் சாசனத்துல இருக்கு. பூட்டுக்குள்ள இருந்தா அது உரிமையா?" அதைக் கேட்டபோது லோர்னாவின் தலை தன்னையறியாமல் ஆடிவிட்டது. ஆளுக்கு இரண்டு நிமிடம். மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன.

பச்சை விளக்கு எரிந்ததும் ரோண்டா மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். டிராயரைச் சொன்னாள், சத்தத்தைச் சொன்னாள், மகன் இன்றைக்கும் சமையலறைக்குள் கால் வைப்பதில்லை என்பதைச் சொன்னாள். "என் தப்புதாங்க. பூட்டியிருந்தா அவ இருந்திருப்பா. நான் தினம் தினம் செத்துக்கிட்டிருக்கேன்" என்று மேசையில் முகம் கவிழ்த்து அழுதாள். சிவப்பு எரிந்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எதிர்க்க வந்த விவசாயியே கைக்குட்டையை எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் லோர்னா, பைத்தியக்காரி.

மதிய இடைவேளையில் குமாஸ்தா புதிய தாள்களைக் கொண்டுவந்து நாற்காலிக்கு நாற்காலி வைத்துக்கொண்டு போனார். தலைப்பு அதேதான், டெஸ்ஸா சட்டம். அதற்குக் கீழே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாவற்றையும் அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தார்கள். வீட்டிலிருக்கும் துப்பாக்கியைக் குழந்தை எடுத்துச் சுட்டு யார் செத்தாலும் துப்பாக்கிக்கு உரியவர் மீது கிரிமினல் வழக்கோ நஷ்டஈட்டு வழக்கோ எதுவும் போட முடியாது. ஏற்கெனவே நடந்துவிட்டவைக்கும் இது செல்லும். வாசல் காவலர் கண்ணாடியை மட்டும்தான் உருவினார். இவர்கள் படத்தையே உருவிவிட்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டார்கள்.

லோர்னா தாளைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். குழுத் தலைவரும் கோல்கிளேசர்தான். மடியில் துண்டு விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க லோர்னாம்மா. பீச் பழ கேக் இருக்கு, ஒரு துண்டு எடுத்துக்கிறீங்களா?"

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"உங்க மசோதாவுக்கு ஒம்போது பேர்ல மூணு ஓட்டுகூடத் தேறலம்மா. அந்தப் பொண்ணு அழுததப் பாத்தீங்கல்ல? இப்படி நொந்துபோனவள அரசாங்கம் வேற போட்டு வதைக்கணுமான்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. இதுக்கு ஏழு ஓட்டு இருக்கு. நல்ல ஆளாப் பாத்துத்தான் கூட்டிட்டு வந்தீங்க."

"அப்ப எம் பொண்ணு பேர எடுத்திடுங்க."

"தலைப்ப மாத்தணும்னா மசோதா கொண்டுவந்தவர்தான் கேக்கணும்."

"கொண்டுவந்தது நீங்கதானே!"

"அதத்தான் சொல்றேன்." முள்கரண்டியில் ஒட்டியிருந்ததை நக்கிவிட்டு வைத்தார். "மாநிலம் பூரா அந்தப் பேரு தெரியும். வளத்து விட்டது நீங்க. அதத் தூக்கிப் போட எனக்கு மனசு வரலம்மா."

அவரிடம் கெஞ்சிப் பயனில்லை என்பது அந்த 'அம்மா'விலேயே தெரிந்தது. லோர்னா அறைக்குத் திரும்பி ஒரு சாட்சிச் சீட்டை எடுத்தாள். ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டங்கள். எதிர்ப்பில் குறி போட்டுக் கொடுத்தாள்.

"டெஸ்ஸா சட்டத்துக்கு எதிரா, லோர்னா வாண்டிவியர்" என்று வாசித்த குமாஸ்தா, தப்பாக வாசித்துவிட்டோமோ என்று சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். "எதிர்ப்புதானேம்மா?"

"எதிர்ப்பு."

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. லோர்னா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எம் பொண்ணோட சட்டம் இல்ல. அவளக் கொன்ன டிராயரோட சட்டம். இதுக்கு ஒரு செத்த புள்ள பேரு வேணும்னா உங்க வீட்டுல ஒண்ணப் பாத்துக்கங்க. என்னோடதத் திருப்பிக் குடுத்துடுங்க."

யாரோ "ஐயையோ" என்றார்கள். அவளுக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தது, ஆனால் கோல்கிளேசர் கண்ணைக் காட்ட மைக் அணைந்தது. "துக்கத்துல இருக்காங்க. அவங்க சொன்னத யாரும் மனசுல வச்சுக்க வேணாம்" என்றார் அவர், மிகவும் கனிவாக. அறையே கனிந்து தலையாட்டியது. ஏழுக்கு இரண்டு என்று மசோதா தேறியது. பரிமாறும் பெண் லோர்னாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விவசாயி வந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு பேரு என்னிக்கும் நிக்கும்மா" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். தண்ணீரை அவர் முகத்தில் வீசாமல் இருக்க லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே நடைக்கூடத்தில் ரோண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தத் தாள்.

"சத்தியமா இதுக்காக நான் பேசலடி. நீ சொன்னதத்தான் சொன்னேன்."

"தெரியும். வியாழக்கிழமை முழுச் சபைல ஓட்டெடுப்பு. அதுக்கு முன்னாடி நீ அவங்ககிட்டப் போய், எனக்கு இந்தப் பாதுகாப்பு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ அழுதா கேக்கறாங்க. நான் அழுதா மைக்க அணைக்கிறாங்க."

ரோண்டா தாளை மடியில் விரித்தாள். தாளின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி மெல்ல நகர்த்தினாள். திரும்ப ஆரம்பத்துக்கு வந்து இன்னொரு தடவை நகர்த்தினாள்.

"ஏற்கெனவே நடந்ததுக்கும் சேத்துன்னு போட்டிருக்கே" என்றாள். "அப்ப... இனிமே என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதில்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்த முகத்தில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது. இவள் வியாழக்கிழமை எங்கேயும் போகமாட்டாள், யாரிடமும் எதுவும் சொல்லமாட்டாள்.

"முடியாது" என்றாள் லோர்னா. "உனக்குத்தான் டெஸ்ஸா இருக்காளே."

ரோண்டாவுக்கு அது குத்தலாகவே படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாண்டி" என்றாள். "நல்ல புள்ள அவ."