நின்றால் வரும் நோவு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. எட்டுப் பேருக்கு மேஸ்திரி என்றாலும் மூட்டை தூக்குகிறவன்தான் நானும். ஊரப்பாக்கம் சைட்டில் மூன்றாவது மாடிக்கு, என் பங்கு சிமெண்டோடு என் ஆள் துலுக்காணத்தின் பங்கையும் நான் சுமந்த நாலாவது நாள் அது. அவன் பத்துப் படி ஏறுவான், மூச்சு வாங்கும், மணலில் மல்லாந்துவிடுவான். ரெண்டே நிமிஷத்தில் ராஜா மாதிரி சிரிப்பான்.

"படுத்தா சரியாப் பூடுது மேஸ்திரி."

"எனக்குந்தான்டா சரியாப் பூடும், சோம்பேறி! டாக்டரு ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு உன் இடத்துல வேற ஆளு."

ஏற்கெனவே ரெண்டு கிளினிக் பார்த்தாகிவிட்டது. ரெண்டிலும் கட்டிலில் படுக்கவைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டி, "தொண்ணூத்தேழு, நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த முறை அவன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க நானே போனேன். அவன் பெண்சாதி புஷ்பமும் வந்தாள்.

தாம்பரத்தில் டாக்டர் ஜெரூஷா. அங்கேயும் கட்டில், கிளிப், தொண்ணூத்தேழு.

"படுக்கும்போது எத்தனை தலகாணி வெச்சுக்கிறீங்க?"

"தலகாணியா? செங்கல்ல தல வெச்சே தூங்குவான் மேடம்," என்றேன். "படுத்தா சூப்பரா கீறான். எழுந்து நின்னாத்தான் நோவு. வேலையப் பாத்தா வர்ற நோவு."

புஷ்பம் முறைத்தாள். "சோறு துன்ன உக்காந்தாலும் மூச்சு வாங்குது மேஸ்திரிண்ணா. சோத்தப் பாத்துமா சோம்பல் வரும்? படுத்துகினே துன்றாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எழுந்து நில்லுங்க. கிளிப் இருக்கட்டும்."

நின்றான். தொண்ணூத்தஞ்சு. தொண்ணூறு. எண்பத்தாறு. உதடு நாவப்பழம் தின்றது மாதிரி நீலமானது. படுக்கவைத்ததும் எண் ஏறியது.

"மிஷின் ரிப்பேரா மேடம்?" என்று என் விரலை நீட்டினேன். நின்றாலும் படுத்தாலும் எனக்குத் தொண்ணூத்தெட்டு.

"ரொம்பப் பேருக்குப் படுத்தாத்தான் மூச்சு முட்டும். இவருக்குத் தலைகீழ். இதயத்துல ஓட்டை இருக்கலாம். நிக்கும்போது சுத்தமாகாத ரத்தம் அது வழியாக் கலக்குதுன்னு நினைக்கிறேன். ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் மூட்டை தொடக் கூடாது."

துலுக்காணம் கிடந்தபடியே சிரித்தான். "பாத்தியா மேஸ்திரி, டாக்டரே படுக்கச் சொல்ட்டாங்க."

புஷ்பம் அழுதுகொண்டே அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஸ்கேனில் ஓட்டை இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு அடைத்தார்கள். அவன் இடத்தில் நான் ஆள் போடவில்லை. இப்போது மூணு மாடியும் நிற்காமல் ஏறுகிறான்.

அத்தனை பேர் எதிரில் அவனைச் சோம்பேறி என்றேன். அதே ஆட்கள் எதிரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயைத் திறந்தால் "கலவை கொண்டாடா" என்றுதான் வருகிறது. துலுக்காணத்திடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.