ஆயிரம் மடங்கு வேகம்

டைப்பிங் டீச்சர் கம்ப்யூட்டருக்குள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. டி.வி.யோடு இணைக்கும் அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர் அது. மொத்த மெஷினும் கீபோர்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். பத்திரிகையில் வந்த விளையாட்டு ஒன்றை வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தவர், இருநூற்றுப் பத்தாவது வரியில் உள்ளே போய்விட்டார். நாற்காலிக்கடியில் செருப்பு மட்டும் இருந்தது. அவருடைய கணவர், டி.வி. மெக்கானிக், வந்து பார்த்தபோது திரையில், "அடுப்புல பால் பொங்குது, இறக்குங்க" என்று இருந்தது.

கரண்ட் போனால் மெஷினில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். லாரி பேட்டரி ஒன்றை இணைத்தார். அதன்பின் முப்பது வருஷம் அந்த மெஷின் ஒரு நொடிகூட அணையவில்லை. அவர் வெளியூர் போகவில்லை. மகள் கல்யாணத்திலேயே பாதியில் எழுந்துவந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். "நீங்க குடும்பம் நடத்துறது அம்மாவோடயா, கரண்டோடயா?" என்பாள் மகள். அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எதையும் தொடாதே." பழைய மெஷினில் நாள்காட்டி கிடையாது என்பதால் டீச்சரின் வயது முப்பத்திரண்டிலேயே நின்றது. தினமும் காலையில், "என்ன கிழவரே, முட்டி எப்படி இருக்கு?" என்று திரையில் கேலி செய்வார்.

பிறகு மெமரி சிப்புகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. முதல் சிப்போடு டீச்சர் தன் தங்கையின் முகத்தை மறந்தார். இரண்டாவதோடு மகளின் பெயரை. அந்த சிப் எங்குமே கிடைக்கவில்லை. பழைய மெஷின் பிரியர்கள் சிலர் சேர்ந்து, அதே கீபோர்டு, அதே நிறம், உள்ளே மட்டும் புது போர்டும் நாள்காட்டியுமாகச் செய்த மெஷினை மெக்கானிக் வரவழைத்தார். மனைவியைக் கேசட்டில் பதிவு செய்தார். மெஷினில் இருப்பதெல்லாம் சத்தமாக மாறித்தான் டேப்பில் ஏறும்; இருபது நிமிஷம் கீச்சுச் சத்தம். அன்று மதியமே பழைய மெஷின் புகைந்து அடங்கியது. இனி டீச்சர் என்று இருந்தது அந்தக் கேசட் ஒன்றுதான். புது மெஷினில் மூன்று முறை போட்டும் பாதியில் பிழை என்றது. கேசட்டைப் படிக்கும் டேப் ஹெட்டின் திருகை, சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு மயிரிழை திருப்பினார். இன்னொரு இருபது நிமிஷத்தைத் தாங்க நெஞ்சில் தெம்பில்லை. தெளிந்த சத்தத்தை மெமரி கார்டில் ஏற்றி, மெஷினின் வேகத்தை ஆயிரம் மடங்காக்கினார். ஒரே நொடியில் திரையில், "வந்துட்டேன்." படித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

வேகத்தைக் குறைக்காமல் வந்துவிட்டது ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. தொண்டையில் குழாய். காற்றில் ஒன்று போட்டு மூன்று சைபர் போட்டார். "ஆயிரம் வருஷம் நல்லா இருப்பீங்கப்பா" என்று மகள் அழுதாள். விடாமல் போட்டார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து நர்ஸ் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார். வெளியே ஒரு நாள் என்றால் உள்ளே இரண்டே முக்கால் வருஷம். ஜன்னலில் ஒவ்வொரு முறை விடிந்தபோதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். "வேகம்..." என்றார்.

"நான் எதையும் தொடலப்பா. நீங்க சொன்ன மாதிரியே, அந்த ரூம்ல லைட்கூட போடல."

வீட்டுக்கு வந்து வேகத்தை ஒன்றுக்குக் குறைத்தார். திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, "இருக்கீங்களா?" ஒற்றை விரலால் அடித்தார்: "இருக்கேன்."

திரை முழுக்க அழிந்து, ஒரே ஒரு சொல் வந்தது: "யாரு?"

"நான்தான். பதினோரு நாளாச்சு."

"முப்பது வருஷம்."

மன்னிப்பு என்று பாதி அடித்து, அழித்தார். திரையில் மெல்ல இன்னொரு வரி வந்தது: "எனக்கும் இப்ப முட்டி வலிக்குது."

எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றார் டீச்சர். அவருக்கு வலது.