ஐந்து பேருக்கு ஒரு சஹன்

சஹனைக் கீழே வைத்ததும் முகிஷா எழுந்து நின்றுவிட்டான்.

"இவனோடு ஒரே தட்டில் நான் சாப்பிட மாட்டேன்" என்றான் ஆங்கிலத்தில். விரல் எதிரே இருந்த கபாண்டாவைக் காட்டியது.

வளைகுடாவில், முசஃபாவின் பள்ளிவாசலை ஒட்டிப் போட்டிருந்த நோன்புக் கூடாரம் அது. லேபர் கேம்ப் ஆட்கள் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. ஐந்து பேருக்கு ஒரு சஹன். பெரிய வட்டத் தட்டில் பிரியாணி. ஐந்து கைகளும் அதில்தான் எடுக்க வேண்டும். கீழக்கரை கௌஸ் முகம்மது பரிமாறிக்கொண்டிருந்தார். பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது.

விஜயபாஸ்கர் வெல்டிங் யார்டில் டைம்கீப்பர். பி.எஸ்ஸி. படித்தவன். வீரபாண்டியும் ராமையாவும் அவனோடு ஒரே ரூம், ஒரே மெஸ். முகிஷாவும் கபாண்டாவும் உகாண்டாக்காரர்கள், யார்டின் கேட்டில் செக்யூரிட்டிகள். வேறு இடம் இல்லாமல் இவர்களோடு உட்கார வைக்கப்பட்டவர்கள். "இவனுக மேல ஒரு வாடை" என்று வீரபாண்டி முதலிலேயே முணுமுணுத்திருந்தான்.

"என்னவாம் தம்பி? கறி பத்தலையாமா?" என்று இப்போது சிரித்தான்.

விஜயபாஸ்கர் முகிஷாவிடம் காரணம் கேட்டான். முகிஷா கோபப்படவில்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான்.

"இவன் த்வா. காட்டு ஜனங்கள். எங்கள் வீட்டுப் பானையெல்லாம் இவர்கள் செய்ததுதான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஆட வருவார்கள், நன்றாக ஆடுவார்கள். ஆனால் சாப்பாடு வெளியே, வாழையிலையில். இதற்கு யாரும் சண்டை போடுவதில்லை. அவனையே கேட்டுப் பார்."

கபாண்டா தலை நிமிரவில்லை. காட்டைப் பற்றி அவன் ஒருமுறை கேட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறான். அவன் சிறுவனாக இருந்தபோது, கொரில்லாக்களுக்காக என்று சொல்லி, அவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அப்பாவைப் புதைத்த இடம் உள்ளே இருக்கிறது. வெள்ளைக்காரன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறான். மகன் போனால் பிடிப்பார்கள்.

"என்னதான் சொல்றான்?" என்றான் வீரபாண்டி.

"ஒண்ணுமில்லண்ணே. அவங்களுக்குள்ள ஏதோ சண்டை."

வீரபாண்டி முகிஷா நின்ற விதத்தைப் பார்த்தான். கபாண்டா குனிந்திருந்த விதத்தைப் பார்த்தான். அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"சண்டையா இது? ஆளு இன்னாருன்னு தெரிஞ்சுல்ல எந்திரிச்சு நிக்கிறான்! அடடே, அங்கயும் நம்மள மாதிரி ஒழுங்கு முறையோட இருக்கானுகப்பா!" என்று தொடையில் தட்டினான். பிறகு அவனும் எழுந்தான். "எந்திரி தம்பி. நமக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?"

கௌஸ் முகம்மது ஓடிவந்தார். "நோம்பு தொறக்குற நேரத்துல என்ன வாப்பா சத்தம்?" விஷயம் தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. "இதுக்கா? இந்தா, இன்னொரு சஹன் வச்சிடுறேன். அவரு ஒருத்தர் இதுல சாப்பிடட்டும், நீங்க அதுல உக்காருங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

நல்ல மனுஷர். தாசில்தாரும் நல்ல மனுஷர்தான். போன வருஷம் ஊரில் பிரசவத்தில் தங்கை சந்தியா போனபோது, மேலத்தெரு வழியாகப் பாடையைக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். தாசில்தார் வந்தார். இன்று ஒருநாள் அனுசரித்துப் போங்கள் என்றார். முழங்கால் சேற்றில், நடவு வயல் வழியாகத் தூக்கிப் போனார்கள். பாடையின் முன்பக்கம் விஜயபாஸ்கர் தோளில் இருந்தது. திரும்பி வந்து டியூட்டியில் சேர்ந்தான். ரூமில் எல்லாரும் வருத்தம் விசாரித்தார்கள். வயலைப் பற்றி அவன் சொல்லவில்லை.

"வேணாம் பாய். ஒரு சஹன் போதும்" என்றான்.

"ஏய், எந்திரின்னா!" என்றான் வீரபாண்டி.

"அண்ணே, எங்க ஊருல எந்தத் தெருன்னு ரெண்டு மூணு தடவ கேட்டீங்க. நான் மழுப்பிட்டேன். தெரு இல்லண்ணே. காலனி."

வீரபாண்டி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"வெள்ளிக்கிழமைக் கறிக்குழம்பு அத்தனையும் நான் வச்சது. சட்டிய வழிச்சுச் சாப்பிட்டீங்க."

"சொல்லாம ஏமாத்திட்டியேடா!" 'தம்பி' என்ற சொல் போய்விட்டது. "நாளைக்கே வேற ரூம் பாத்துக்க. மெஸ்ஸுல ஒனக்கு எடமில்ல. கலாஸ், முடிஞ்சுது."

ராமையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "தப்பா எடுத்துக்காதப்பா. வீரபாண்டி எனக்குப் பக்கத்து ஊரு. பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டிருக்கேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பாங்கு சொன்னார்கள். கூடாரம் முழுக்கக் கைகள் அசைந்தன.

"அவர்களிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டான் கபாண்டா.

"நானும் த்வா என்று சொன்னேன்."

கபாண்டா சிரிக்கவில்லை. அவனை உற்றுப் பார்த்தான்.

"உங்கள் ஊரில் காடு இருக்கிறதா?"

"இல்லை."

"பிறகு எதிலிருந்து விரட்டினார்கள்?"

"ரோட்டிலிருந்து."

கபாண்டா தலையசைத்தான். சோற்றில் கை வைத்தான். விஜயபாஸ்கரும் வைத்தான்.

சற்றுத் தள்ளி, கௌஸ் முகம்மது வைத்த இரண்டாவது சஹனில் வீரபாண்டியும் முகிஷாவும் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பேச்சு மற்றவனுக்குத் தெரியாது. வீரபாண்டி நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து முகிஷாவின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சாப்பிடு பாய், சாப்பிடு" என்றான்.

"அச்சா, அச்சா" என்றான் முகிஷா.