ஒருவரும் கைவிடப்படாதபடி

1

இந்தக் கதை என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் சபைப் பத்திரிகையைக் கவனிக்கும் லாசரஸ் சார், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளை மடக்கினார். "டீச்சர், 'பிள்ளைகளும் குடும்ப ஜெபமும்'னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க வீட்டுல நடந்ததையே எழுதலாம். கடைசியில மட்டும் ஜெயம் இருக்கணும்."

தமிழ் டீச்சருக்கு ஒரு பக்கமெல்லாம் ஒரு வேலையா என்று தலையாட்டிவிட்டேன். கதை நன்றாகவே வந்தது. வந்த கதையைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'ஓர் ஊரில் டேனியல் என்ற கீழ்ப்படிதலுள்ள சிறுவன்...'

(அடித்தாயிற்று. டேனியலும் இல்லை, சிறுவனும் இல்லை. என் மகள் கிறிஸ்டி, மூன்றாம் வகுப்பு. கீழ்ப்படிதல் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பதே நல்லது.)

இரண்டாம் தொடக்கம்: 'சேலையூரில் அன்று மாலை மழை பிடித்துக்கொண்டபோது, கர்த்தருடைய பெரிதான...'

(வேண்டாம். மழைக்குள் கர்த்தரை இழுக்காமல் நடந்ததைச் சொல்கிறேன்.)

3

பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சேலையை அவிழ்த்து நைட்டிக்கு மாறியிருந்தேன். சடசடவென்று மழை. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவிழ்த்த சேலை அப்படியே வட்டமாகத் தரையில் கிடக்க, வெறுங்காலோடு மாடிக்கு ஓடினேன். கதவைக்கூடச் சாத்தவில்லை. அந்த நேரம் பார்த்து கிறிஸ்டியின் வேன் வந்துவிட்டது.

அவள் பார்த்தது இவ்வளவுதான். செருப்பு வாசலில் இருக்கிறது. போன் மேஜையில் இருக்கிறது. பால் பொங்கி வழிகிறது. அம்மாவின் சேலை தரையில் கிடக்கிறது. அம்மாவைக் காணவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் ஒரு சத்தம் போட்டுவிட்டு பிஸ்கட் டப்பாவைத் தேடியிருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேறொன்று தெரியும். இயேசு திரும்பவும் வருவார், கண் இமைக்கும் நேரத்தில், உடுத்திய துணிகூடக் கீழே கிடக்க, தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போவார், மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள். அதை நாங்கள் வருகை என்போம். 'உம்முடைய வருகையில் நாங்கள் ஒருவரும் கைவிடப்படாதபடி காத்துக்கொள்ளும்' என்று தினமும் மாலை ஜெபத்தில் சொல்பவள் நான். ஹோம்வொர்க்கை முடித்துவிட்டதாக அவள் புளுகும்போது, "பொய் சொல்ற பிள்ளைய ஏசப்பா விட்டுட்டுப் போயிடுவாரு" என்று மிரட்டுபவளும் நான்தான்.*

* மற்ற வீடுகளில் இந்த வேலைக்குப் பூச்சாண்டியை வைத்திருக்கிறார்கள். எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

4

எதிர் பிளாட்டில் ஹஃபீசா. வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைப்பவள். கிறிஸ்டி ஓடிப்போய் அவள் கதவைத்தான் தட்டியிருக்கிறாள். கதவு திறந்ததும் அழுகை இரண்டு மடங்கானதாம்.

"என் மூஞ்சப் பாத்துட்டு இன்னும் ஓன்னு அழுவுதுக்கா. நான் இன்னா அவ்ளோ பயங்கரமாவா கீறேன்?" என்று ஹஃபீசா பிறகு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் அழுகை கூடியது என்று எனக்குத் தெரியும். ஹஃபீசா ஆன்டி நம் சபை இல்லை. ஆகவே விடப்படுகிறவர்களில் ஒருத்தி. அவள் இங்கே நிற்கிறாள் என்றால் வருகை நடந்தது உறுதி. என் மகளின் கணக்கு இது. அந்தக் கணக்கை எங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டாள்.

"ஏசப்பா வந்துட்டாரு ஆன்டி. மம்மிய கூட்டிட்டுப் போயிட்டாரு. நம்மள விட்டுட்டாரு."

'நம்மள' என்றாள். அந்தச் சொல்லை ஒவ்வொரு பிரதியிலும் அடித்துப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஹஃபீசா வந்து அடுப்பை அணைத்தாள். துப்பட்டாவால் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "அழுவாத கண்ணு. யார் வுட்டுட்டுப் போனா இன்னா? நான் கீறேன்ல."

ஈரத் துணி மூட்டையோடு நான் இறங்கி வந்தபோது இருவரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்டி எழுந்து வந்து என் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

5

அன்றிலிருந்து நான் குளித்தால் கதவைத் தட்டுகிறாள். "மம்மி, இருக்கியா?" வாயெல்லாம் சோப்பு நுரையோடு 'இருக்கேன்' என்கிறேன். பதில் கொஞ்சம் தாமதித்தால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மாறுகிறது. நான் எடுத்துக்கொள்ளப்படுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

என் கணவர் ஜாய்சன், மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். "கொஞ்சம் பயம் இருக்கட்டும் ஈவ்லின். பயமே இல்லாம வளர்ற பிள்ளைங்களப் பாக்கறேல்ல?" என்றார்.

லாசரஸ் சார் பாதிக் கதையைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "நல்லாருக்கு டீச்சர். அந்த பாய் வீட்டம்மாவ மட்டும் எடுத்துடுங்க. வாசிக்கிறவங்க குழம்பிடுவாங்க. நம்ம சபை சிஸ்டர் ஒருத்தங்க தேத்துனதா போடுங்களேன்."

எடுத்துப் பார்த்தேன், நிஜமாகவே. ஹஃபீசாவை எடுத்ததும் கதைக்குள் அந்தக் கதவு திறக்கவில்லை. நம் சபை சிஸ்டர் யாரும் எங்கள் மாடியில் குடியில்லை. என் பிள்ளை நனைந்தபடி தட்டிக்கொண்டே நின்றாள். பயந்துபோய் ஹஃபீசாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். கதையிலுமா அவளை விட்டுவிட்டுப் போவது?

6

முடிவுகள்.

(அ) 'அன்று முதல் கிறிஸ்டி பயமின்றி, மகிழ்ச்சியோடு...' பச்சைப் பொய். பொய் சொல்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

(ஆ) அந்த 'நம்மள' ஏன் தன்னையும் சேர்த்தது என்று ஒருநாள் ஹஃபீசாவுக்குப் புரிகிறது. எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இது இன்னும் நடக்கவில்லை. நேற்றுகூடக் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கேள்வி எதுவும் வருவதற்குள் கொத்தாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

(இ) நடந்தது.

7

எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தில் முதலில் கிறிஸ்டி. அவள் முடித்ததும் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறக்கலாம். சட்டம் போட்டவள் நான்.

முழங்கால் போட்டாள். பரீட்சைக்கும் தாத்தாவின் சுகருக்கும் வழக்கம்போல ஜெபித்தாள். பிறகு புதிதாக ஒன்று.

"ஏசப்பா, நீங்க வரும்போது ஹஃபீசா ஆன்டியையும் கூட்டிட்டுப் போங்க. அவங்கள கூட்டிட்டுப் போகமாட்டீங்கன்னா என்னையும் இங்கயே விட்டுடுங்க. அவங்க என்கூட இருந்தாங்கல்ல. ஆமென்."

ஜாய்சனின் ஆமென் வரவில்லை. நான் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவரும் திறந்துதான் வைத்திருந்தார். அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

ஆமென் என்றால் 'அப்படியே ஆகட்டும்' என்று பொருள். என் பிள்ளையை இங்கே விட்டுவிடும் என்று கடவுளிடம் நான் எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால், அந்த மாலையில் அவளை மடியில் வைத்துக்கொண்டவளுக்கு அங்கே இடமில்லை என்று நானே சொன்னதாகிவிடும். எதிர் பிளாட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"மம்மி, இருக்கியா?" என்றாள் கிறிஸ்டி, கண்ணை மூடியபடியே.

"இருக்கேன்."

"அப்ப சொல்லு."

(லாசரஸ் சார், ஜெயம் இருக்க வேண்டிய இடம் இதுதான். காலியாக விட்டிருக்கிறேன்.)

நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முழங்கால் வலிக்க ஆரம்பித்திருக்கும். எங்கள் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் இப்போது எங்களோடு இதே அறையில்தான் இருக்கிறீர்கள்.

சொல்லுங்கள்.